ஆம் எனில் விளக்கவும்

பதினாறாம் கேள்விவரை தடங்கல் இல்லை.
பெயர் டானிகா லாக்ஸோ. வயது முப்பத்தெட்டு.
ஊர் டுலூத், மினசோட்டா.
தொழில்: பனிவாரி வண்டிகளுக்கு
இரவெல்லாம் ரேடியோவில் வழி சொல்வது.

பதினேழில் நின்றுவிட்டேன்.
நீங்கள் எப்போதாவது கைதானதுண்டா,
குற்றம் சாட்டப்பட்டதுண்டா,
வழக்கு பின்னர் தள்ளுபடியாகியிருந்தாலும்?
ஆம் எனில் விளக்கவும்.
கீழே ஒரு கட்டம்:
ஐந்நூறு எழுத்து, இடைவெளிகள் உட்பட.

இடைவெளிக்கும் கணக்குப் பார்க்கிற இடம்.
சேர்வதற்கு முன்பே பாடம் ஆரம்பம்.

மணி பத்தே கால்.
கல்லூரி இருக்கும் கிழக்கில் பதினொன்றே கால்.
அவர்களுடைய நள்ளிரவு
ஒரு மணிநேரம் முன்னதாகவே வந்து
என் கதவைச் சாத்திவிடும்.

‘நாலாம் தெரு மேட்டுல சறுக்குது, டானிகா.’
ஸ்க்ரபா. பதினோராம் எண் வண்டி.
‘உப்பைப் போட்டுட்டுப் பின்னாடியே இறங்குங்க.’

கட்டுரை போன வாரமே தயார்.
இரண்டு பக்கம்; அதில் நீதி ஒன்பது முறை.
பகல் ஷிஃப்ட் கோரினிடம் காட்டினேன்.
முழுக்கப் படித்தாள்,
ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினாள்,
சாண்ட்விச்சைப் பிரிக்கத் தொடங்கினாள்.

சரி, விளக்குகிறேன்.

எனக்குப் பத்தொன்பது. தம்பி ரீஸுக்குப் பதினொன்று.
அம்மா அந்த மாதம் எங்கே என்று எவருக்கும் தெரியாது.
வாடகை மூன்று மாதம் பாக்கி.
பிற்பகல் இரண்டு மணிக்குப் பூட்டை மாற்றினார்கள்.
மெத்தை, மீன்தொட்டி, ரீஸின் ஒற்றை ஸ்கேட்
எல்லாம் நடைபாதைக்கு வந்துவிட்டன.
ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்க
யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இன்சுலின் உள்ளே.
வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.
ஆறு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக இறங்கினேன்.
மூன்று குப்பிகள்,
முட்டைக்குப் பின்னால், வைத்த இடத்திலேயே.
திரும்பும்போது வெண்ணெயையும் எடுத்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
இருந்தது, எடுத்தேன்.

காவல்துறை அறிக்கையில் அதுவும் உண்டு:
குப்பி மூன்று. வெண்ணெய் ஒன்று, பிரித்தது.

அரசு கொடுத்த வக்கீல்
நடைக்கூடத்தில் என்னோடு நின்றது நாலு நிமிடம்.
டையில் காபிக் கறை.
என் பெயரைக்கூடத் தவறாகச் சொன்னார்.
பிறகு நீதிபதியின் மேசையருகே போய்
குரலைத் தாழ்த்தி ஏதோ பேசினார்.
ஒரு வாக்கியம் இருக்கும், மிஞ்சினால் இரண்டு.
நீதிபதி என்னைப் பார்க்காமலே தலையசைத்தார்.
வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.
எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வாக்கியம் என்ன?
பத்தொன்பது வருடமாக,
பனி கொட்டுகிற இரவுகளில்
அதை நானே செய்து பார்க்கிறேன்.
எதுவும் ஒரு தலையசைப்புக்குத் தேறுவதில்லை.
கட்டுரையில் இதை எழுதியிருக்கலாம்.
மணி பத்து நாற்பத்தெட்டு.

கட்டத்தில் அடித்தேன், அழித்தேன்.
தம்பியைப் போட்டால் ஜன்னல் வெளியே போகிறது.
ஜன்னலை வைத்தால் அம்மாவுக்கு இடமில்லை.
அம்மாவை விட்டுவிட்டேன்;
எங்களுக்குள் இது புதிதல்ல.
கடைசியில் பன்னிரண்டு எழுத்து மிஞ்சியது.
வெண்ணெயைச் சேர்த்தேன்.

கட்டணம் எண்பத்தைந்து டாலர்.
கார்டு முதல் முறை மறுத்தது,
இரண்டாம் முறை யோசித்து ஏற்றது.
பத்து ஐம்பத்தேழு.
உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.
நிலை அறியத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

‘டானிகா, கீழே வந்துட்டேன். அடுத்து எந்தத் தெரு?’

வரைபடம் கண்ணெதிரேதான் இருந்தது.
பதினான்கு குளிர்காலம் வாய்ப்பாடாய்ச் சொன்ன ஊர்.
ஒரு தெருவின் பெயரும் வாயில் வரவில்லை.
‘இருங்க,’ என்றேன்.
‘ஒரு நிமிஷம் இருங்க.’